குழந்தை படிக்கிறதா, ஒப்பிக்கிறதா?

முதல் வகுப்புக் குழந்தை புத்தகத்தைத் திறந்து, வரியில் விரலை ஓட்டி, ஒரு பக்கத்தைக் கடகடவென்று சொல்லி முடித்துவிடும். அது படிப்புதானா என்று தெரிய வேண்டுமானால், படத்தைக் கையால் மறைத்துவிட்டு நடுவரியில் ஒரு சொல்லைத் தொட்டுக் கேளுங்கள். முதல் வரியிலிருந்து முணுமுணுத்துக்கொண்டே அந்தச் சொல்லுக்கு வந்து சேர்ந்தால், குழந்தை ஒப்பிக்கிறது. 247 எழுத்து அட்டவணையிலும் இப்படித்தான். ம, மா, மி, மீ என்று பாட்டாகச் சொல்லும் குழந்தை, 'மோ'வை மட்டும் துண்டுத்தாளில் எழுதிக் காட்டினால் திணறும்.

தானாகப் படிப்பது என்றால், இதுவரை பார்த்திராத சொல்லை யார் உதவியும் இல்லாமல் எழுத்துக்கூட்டிப் படிப்பது. ஒரு சொல்லைக் குழந்தை தானே கூட்டிச் சரியாக ஒலிக்கும் ஒவ்வொரு முறையும் அதன் வடிவம் மனதில் பதிகிறது, சில முறைக்குப் பிறகு கூட்டாமலே பார்த்ததும் தெரிந்துவிடுகிறது என்று ஆய்வாளர் டேவிட் ஷேர் 1995இல் விளக்கினார். குழந்தை தடுமாறியதுமே நாம் சொல்லை எடுத்துக்கொடுத்தால் அந்தப் பதிவு நடக்காமல் போகிறது. "படத்தைப் பார்த்துச் சொல்லு" என்பதும் கெடுதல்தான். கண் எழுத்தை விட்டு விலகிவிடுகிறது. ஐந்து விநாடி பொறுங்கள். பிறகும் வரவில்லையென்றால் சொல்லை ஒரு தாள்துண்டால் மூடி, ஒவ்வோர் எழுத்தாகத் திறந்து காட்டுங்கள்.

தொடங்குவதற்கு அட்டவணை முழுவதும் வேண்டியதில்லை. ட, ப, ம, ர, க என்ற ஐந்து எழுத்தும் புள்ளியும் தெரிந்தாலே படம், மரம், பட்டம், பக்கம், கட்டம், பம்பரம், கரகம் எல்லாம் படிக்கலாம். இந்தச் சொற்களிலேயே தமிழின் ஒரு நுட்பமும் வந்துவிடுகிறது. 'பம்பரம்' என்பதில் இரண்டு ப. முதலாவது வன்மையாகவும், ம்-க்குப் பின் வருவது மென்மையாகவும் ஒலிக்கும். படம், பட்டம் இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்லிப் பார்த்தால் ட-வின் வேறுபாடு தெரியும். இதை விதியாகச் சொல்லித்தர வேண்டாம். குழந்தைக்கு அந்தச் சொல் ஏற்கெனவே காதில் பழக்கம் என்பதால், கூட்டியதும் ஒலியைத் தானே திருத்திக்கொள்ளும். ஆகவே முதல் சொற்கள் வீட்டில் புழங்கும் சொற்களாக இருக்க வேண்டும்.

பெரிய முட்டுக்கட்டை கொம்புகளில் இருக்கிறது. 'கொ' என்று எழுதும்போது ஒற்றைக்கொம்பு முன்னால், துணைக்கால் பின்னால். வாயில் வருவதோ க் முதலில். இடமிருந்து வலமாகப் போகும் கண் கொம்பைப் பார்த்து 'கெ' என்று முடிவுகட்டிவிட்டு, மிச்சமிருக்கும் காலை 'ர' என்று படிக்கும். 'கொடி' இப்படித்தான் 'கெரடி' ஆகிறது. படிக்கும் முன் அந்தப் பக்கத்தில் உள்ள கொ, தொ, போ எல்லாவற்றையும் பென்சிலால் வட்டமிடச் சொன்னால், மூன்று துண்டும் ஒரே எழுத்து என்று கண் பழகும். கெ-கொ, கே-கோ என்று சோடி சோடியாகக் காட்டுவதும் நன்று.

உகர வரிசையை ஒரே மூச்சில் நடத்தக் கூடாது. உகரக் குறியின் வடிவம் எழுத்துக்கு எழுத்து மாறுகிறது. கு, டு, மு, ரு, ழு, ளு ஒரு வகை. சு, பு, யு, வு இன்னொரு வகை. து, நு, ணு, லு, று, னு வேறு வகை. ஒரு வாரத்துக்கு ஒரு கூட்டம் போதும்.

எழுத்தெல்லாம் தெரிந்த பிறகும் நீளச் சொற்களில் குழந்தை நின்றுவிடுவதுண்டு. 'போய்க்கொண்டிருந்தார்கள்' என்பதில் 12 எழுத்து. கடைசிக்கு வருவதற்குள் தொடக்கம் மறந்துபோகிறது. புள்ளி எழுத்தை முந்தைய எழுத்தோடு சேர்த்தே சொல்ல வேண்டும் என்ற ஒரே பழக்கத்தால் இது போய்க்-கொண்-டி-ருந்-தார்-கள் என்று ஆறு துண்டாகக் குறையும். பென்சிலால் கோடு போட்டுப் பிரித்து ஒருமுறை மெதுவாக, பிறகு கோட்டை அழித்துவிட்டு இரண்டு முறை படிக்கவையுங்கள்.

தனியாகப் படிக்க எந்தப் புத்தகம் ஏற்றது? 50 சொற்கள் உள்ள பகுதியைப் படிக்கவிட்டு எண்ணுங்கள். இரண்டு மூன்று சொற்களில் தவறினால் அந்தப் புத்தகத்தைக் குழந்தையிடமே விட்டுவிடலாம். ஐந்தைத் தாண்டினால் அதை நீங்கள் படித்துக் காட்டுங்கள். தாத்தா காலத்துப் புத்தகமென்றால் கவனம்: 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் லை, ளை, ணை, னை ஆகியவற்றுக்குத் துதிக்கை வடிவம் இருந்தது. இன்றைய குழந்தைக்கு அது புது எழுத்து.

இன்னொரு தடை பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள தூரம். "பூனை மரத்தில் ஏறிவிட்டது" என்று பிழையில்லாமல் படித்த குழந்தைக்கு 'ஏறிவிட்டது' அந்நியமாக இருக்கலாம். வீட்டில் அது 'ஏறிடுச்சு'. பள்ளிக்குப் போகும் முன்பே, மூன்று வயதிலிருந்து, எழுத்துத் தமிழில் கதை படித்துக் காட்டி வந்தால் இந்தத் தடை பெரும்பாலும் வராது. படித்து முடித்ததும் "பூனை என்ன பண்ணுச்சு?" என்று பேச்சில் கேளுங்கள், பேச்சிலேயே பதில் வரட்டும். சில குழந்தைகள் படிக்கும்போதே 'மரத்தில்' என்பதை 'மரத்துல' என்று சொல்லும். அதட்ட வேண்டாம், பொருள் புரிந்ததால் வந்த பிழை அது. 'தில்' இருக்கும் இடத்தில் விரலை வைத்து, "இங்க என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டால் தானே திருத்திப் படிக்கும்.