நெட்வொர்க்-சென்ட்ரிக் போர்: தமிழில் என்ன சொல்லலாம்?

படைகளையும் கருவிகளையும் தகவல் வலையால் இணைத்துப் போரிடும் முறைக்குப் பெயர் ‘நெட்வொர்க்-சென்ட்ரிக் வார்ஃபேர்’. இதை ‘வலையமைப்பு மையப் போர்’ என்று சொல்லுக்குச் சொல் மாற்றிவிடலாம்தான். ஆனால் அப்படி மாற்றினால் பொருள் பாதி நழுவிவிடுகிறது.

நெட்வொர்க் என்பது 16ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் நூலாலோ கம்பியாலோ பின்னிய வேலைப்பாட்டைக் குறித்தது. 1560இல் வந்த ஜெனீவா விவிலியம் பலிபீடத்தின் வெண்கலச் சல்லடையைச் சொல்ல இந்தச் சொல்லை எடுத்தாள்கிறது. அப்புறம் கால்வாய், ரயில் பாதை, தந்தி, கணினி என்று ஒவ்வொன்றாக அதற்குள் வந்து சேர்ந்தன.

போருக்கு இதைப் பரவலாக்கியது 1998 ஜனவரியில் அமெரிக்கக் கடற்படைக் கழக இதழில் வெளிவந்த கட்டுரை. எழுதியவர்கள் ஆர்தர் செப்ரோவ்ஸ்கி, ஜான் கார்ஸ்ட்கா. கப்பல், டாங்கி, விமானம் என்று தனித்தனிக் கருவியை வைத்தே போரை எண்ணிப் பழகியதற்கு எதிர்ப்பதமாகத்தான் ‘சென்ட்ரிக்’கை வைத்தார்கள், அதாவது எதை நம்பிப் போரிடுகிறோம் என்பதே அங்கே கேள்வி. தமிழில் ‘மையம்’ என்றதும் நடுவில் ஒரு தலைமையிடம் உட்கார்ந்திருப்பதாகத் தோன்றும், ஆனால் இந்தக் கருத்தே தகவல் நடுவில் தேங்காமல் எல்லாத் திசையிலும் ஓட வேண்டும் என்பதுதான்! அதனால் ‘வலையமைப்புசார் போர்முறை’ என்பதே பொருத்தம் என்பேன்.

அந்தச் ‘சார்’ எவ்வளவு கனமானது என்பதற்கு புதிய போர் வண்டிகளையும் கருவிகளையும் ஒரே வலையமைப்பில் இணைக்க முயன்ற, அமெரிக்கத் தரைப்படையின் ‘ஃபியூச்சர் காம்பாட் சிஸ்டம்ஸ்’ திட்டமே சாட்சி. 1999இல் தளபதி எரிக் ஷின்செகி அறிவித்த மாற்றத்திலிருந்து பிறந்தது அது. ஆப்ராம்ஸ் டாங்கி 60 டன்னுக்கு மேல்; புதிய வண்டிகளோ சி-130 என்ற ராணுவச் சரக்கு விமானத்தில் ஏற வேண்டும் என்பதால் 20 டன்னை ஒட்டி நிற்க வேண்டும் என்றார்கள். குறைந்த கவசத்துக்கு ஈடு என்ன? எதிரியை முன்கூட்டியே பார்த்துவிடும் தகவல். அதாவது வீரரின் உயிரே வலையமைப்பைச் சார்ந்தது. ஆனால் அந்த வலையமைப்புக்கான ரேடியோக்கள் தனியொரு திட்டத்தில் உருவாகித் தாமதமாகிக்கொண்டே போயின, வண்டிகளின் எடையும் ஏறிக்கொண்டே போனது.

பணமும் அப்படித்தான். 2003இல் உருவாக்கக் கட்டத்துக்குள் நுழைந்தபோது மதிப்பீடு 9,000 கோடி டாலருக்குச் சற்று மேல். 2006இல் சுமார் 16,000 கோடி. ஒருங்கிணைக்கும் பொறுப்பு போயிங், எஸ்ஏஐசி நிறுவனங்களிடம் இருந்தது. தொழில்நுட்பம் முதிரும் முன்பே மொத்தத் திட்டத்துக்கும் ஒப்புதல் கொடுத்ததுதான் அடிப்படைப் பிழை என்பது என் கருத்து, ஏனென்றால் ஒன்றையொன்று நம்பி நிற்கும் கருவிகளில் ஒன்று பின்தங்கினாலும் மற்றவற்றுக்குப் போட்ட பணம் முடங்கும். 2009 ஏப்ரலில் பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் கேட்ஸ் 8,700 கோடி டாலர் மதிப்புள்ள வண்டிப் பகுதியைக் கைவிடச் சொன்னார். ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களின் பாடம் அந்த வடிவமைப்பில் இல்லை என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று.

இதோடு ஒட்டி வரும் ‘சிஸ்டம் ஆஃப் சிஸ்டம்ஸ்’ என்பதற்கு ‘அமைப்புகளின் அமைப்பு’ வேண்டாம், சங்கங்களின் சம்மேளனம்போல ஒலிக்கிறது. ‘இணைந்தியங்கும் கருவித்தொகுதிகள்’ என்று எழுதினால் படித்ததும் புரிந்துவிடும்.