ஓட்டோடு கடல் தாண்டும் முந்திரி

80 கிலோ முந்திரிக்கொட்டையை உடைத்து, உலர்த்தி, தோல் உரித்து முடித்தால் தேறுவது சுமார் 18 கிலோ பருப்பு. மிச்சமெல்லாம் ஓடும் தோலும் ஈரமும்தான். அத்தனையையும் சேர்த்து மூட்டை கட்டித்தான் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து தூத்துக்குடிக்கும் வியட்நாமுக்கும் கப்பலேற்றுகிறார்கள். இந்தியத் தொழிற்சாலைகளில் உடைபடும் கொட்டையில் ஏறத்தாழ பாதி இறக்குமதிச் சரக்கு. பண்ருட்டியில் உடைத்த பருப்பு என்றால் பண்ருட்டி மரத்தில் காய்த்தது என்று பொருளல்ல. ஐவரி கோஸ்டிலோ பெனினிலோ தான்சானியாவிலோ காய்த்ததாகவும் இருக்கலாம்.

பருப்பை மட்டும் அனுப்பினால் கப்பல் கூலி மிச்சமாகுமே! அப்படி நடக்காததற்கு முதல் காரணம் ஓடுதான். நன்றாகக் காய்ந்த கொட்டைக்குள் பருப்பு ஓராண்டு வரை கெடாமல் இருக்கும். வெளியே எடுத்துவிட்டால் ஈரம் ஏறும், வண்டு விழும், எண்ணெய் சிக்கடிக்கும். அதே ஓட்டுக்குள் அனகார்டிக் அமிலமும் கார்டாலும் கலந்த கரும் எண்ணெய் இருக்கிறது. தோலில் பட்டால் புண்ணாக்கிவிடும். அது படாமல் பருப்பை முழுசாக எடுக்கப் பழகிய கையோ நல்ல இயந்திரமோ வேண்டும். இதைவிடப் பெரிய தடை பணம். ஒரு நாட்டில் விளைச்சல் மூன்று நான்கு மாதங்களில் முடிந்துவிடும். ஆண்டு முழுக்கத் தொழிற்சாலை ஓட வேண்டுமானால் அதற்குள் அத்தனை கொட்டையையும் வாங்கி அடுக்க வேண்டும். மலிவாகக் கடன் கிடைக்காத ஊரில் அது நடக்காது.

அதனால் கடனும் கையும் இருந்த இடத்தில் தொழில் குவிந்தது. 1920-களில் கொல்லத்தில் வேரூன்றி, பின்னாளில் கேரளத்தில் கூலி உயர்ந்தபோது கன்னியாகுமரிக்கும் பண்ருட்டிக்கும் பரவியது. வியட்நாம் இயந்திரங்களை நம்பி இறங்கி, 2006 முதல் பருப்பு ஏற்றுமதியில் முதலிடத்தில் இருக்கிறது. இரண்டு நாடுகளுக்குமே சொந்த விளைச்சல் போதவில்லை. பிப்ரவரி முதல் ஜூன் வரை மேற்கு ஆப்பிரிக்கா, அக்டோபர் முதல் ஜனவரி வரை தான்சானியாவும் மொசாம்பிக்கும் என்று பூமத்திய ரேகையின் இரு பக்கத்துப் பருவங்களையும் கோத்துத்தான் ஆண்டை ஓட்டுகிறார்கள்.

இந்த வியாபாரத்தின் உயிர்நாடி அவுட்டர்ன் என்ற ஓர் எண். 80 கிலோ மூட்டையில் எத்தனை பவுண்டு பருப்பு இருக்கிறது என்பதே அது. கிலோவையும் பவுண்டையும் கலந்த இந்த அளவைத்தான் ஐவரி கோஸ்டின் அபிஜான் முதல் வியட்நாமின் ஹோ சி மின் நகரம் வரை எல்லோரும் பேசுகிறார்கள்.

அதைக் கண்டுபிடிக்கும் முறை எளிது; ஏமாற்று நுழைவதும் எளிது. மூட்டைகளின் மேலிருந்தும் நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் கொட்டை எடுத்து, கலந்து, நான்காகப் பிரித்துக் குறைத்துக்கொண்டே வந்து 1 கிலோவில் நிறுத்த வேண்டும். மேல் மூட்டைகளில் மட்டும் எடுத்தால் கணக்கு பொய். முதலில் எண்ணிக்கை: கிலோவுக்கு 180 கொட்டை என்றால் பெரிது, 200 நடுத்தரம், 220-ஐத் தாண்டினால் பொடி. பிறகு ஒவ்வொன்றையும் நீளவாக்கில் பிளந்து பருப்பைத் தோலோடு எடுத்து மூன்றாகப் பிரிக்க வேண்டும். நல்லவற்றுக்கு முழு எடை. சுருங்கியவை, புள்ளி விழுந்தவற்றுக்குப் பாதி எடை. அழுகல், பூச்சி, வெற்றுக்கொட்டைக்கு ஒன்றுமில்லை. நல்லது 255 கிராம், பாதிக் கணக்கில் சேர்வது 34 கிராம் என்றால் 255 + 17 = 272 கிராம். இதை 80-ஆல் பெருக்கி 453.6-ஆல் வகுத்தால் அவுட்டர்ன் ஏறக்குறைய 48.

மேற்கு ஆப்பிரிக்க நாடான கினி-பிசாவின் கொட்டை 50-ஐத் தாண்டும் என்பதால் அதற்கு எப்போதும் கூடுதல் விலை. ஒப்பந்தத்தில் "47, 45-க்குக் கீழே நிராகரிப்பு" என்பதுபோல் எழுதுவார்கள். இடையில் குறையும் ஒவ்வொரு பவுண்டுக்கும் விலையில் பிடித்தம். 25 டன் ஏற்றிய 40 அடி கண்டெய்னர் ஒன்றில் அவுட்டர்ன் 1 குறைந்தால் 140 கிலோ பருப்பு போயிற்று என்று அர்த்தம். ஏற்றும் துறைமுகத்தில் ஒரு சோதனை, இறக்கும் துறைமுகத்தில் இன்னொன்று. இரண்டும் ஒத்துப்போகாதபோதுதான் தகராறு தொடங்குகிறது.

ஒத்துப்போகாமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் ஈரம். தானாக விழுந்த பழத்திலிருந்து கொட்டையைத் திருகி, இரண்டு மூன்று நாள் வெயிலில் கிளறிக் காயவைத்தால் ஈரப்பதம் 8 முதல் 10 சதவீதத்துக்கு வரும். குலுக்கினால் உள்ளே பருப்பு ஆடும் சத்தம் கேட்கும். அதற்கு மேல் ஈரத்தோடு ஏற்றினால், பயணத்தில் அந்த ஈரம் ஆவியாகி, இரவில் குளிரும் கண்டெய்னர் கூரையில் நீராகத் திரண்டு மேல் மூட்டைகளின் மீது சொட்டும். ஒரு மாதத்துக்கு மேல் நீளும் பயணத்தில் பூஞ்சை பிடித்துப் பருப்பு பழுப்பாகிவிடும். சணல் சாக்கு, உட்சுவரில் தடித்த காகிதம், ஈரம் உறிஞ்சும் பைகள், ஏற்றுமுன் ஈரமானி சோதனை எல்லாம் இதற்காகத்தான். பிளாஸ்டிக் சாக்கில் கொட்டை புழுங்கிப்போகும்.

ஆனால் ஈரத்தைக் குறைக்க வேண்டிய விவசாயிக்கு அதனால் ஆதாயம் இல்லை. கிராமத்துத் தரகர் அங்கே அவுட்டர்ன் பார்ப்பதில்லை, எடை போட்டுத்தான் வாங்குகிறார். காயவைத்தால் எடைதான் குறையும். கடலுக்கு இந்தப் பக்கம் ஒவ்வொரு பவுண்டுக்கும் விலை வைத்திருக்கும் வியாபாரம், விளைவித்தவரிடம் அந்தக் கணக்கைக் காட்டாமல் இருப்பது அநியாயம். தரம் கெடுவதற்கு வேரும் இதுதான்.

தொழிற்சாலையில் கொட்டையை அளவு வாரியாகச் சலித்து, 15 முதல் 25 நிமிடம் நீராவியில் அவிக்கிறார்கள். பிறகு ஓரிரவு பரப்பி ஆறவிட்டால் ஓடு விறைத்து, பருப்பு அதிலிருந்து விலகும். அவியல் குறைந்தால் உடைக்கும்போது பருப்பு நொறுங்கும். மிஞ்சினால் ஓட்டு எண்ணெய் கசிந்து கறை பிடிக்கும். சலித்தது சரியில்லை என்றால், சிறிய கொட்டைக்குத் திருகிவைத்த கத்தி பெரிய கொட்டையின் பருப்பையே அறுத்துவிடும். கையால் உடைப்பவர்கள் விளக்கெண்ணெயோ சாம்பலோ பூசிக்கொள்கிறார்கள். கையுறை தருவது முதலாளியின் கடமை; இன்றும் பல இடங்களில் அது தரப்படுவதில்லை.

உடைத்த பருப்பு போர்மா என்ற சூட்டறையில் 70 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் ஆறேழு மணி நேரம் காய்ந்து, ஈரம் 3, 4 சதவீதத்துக்கு இறங்கும். தோல் கழன்று வரும், ஆனால் பருப்பு எளிதில் உடையும். அதனால் ஈரக்காற்றில் சற்று வைத்துப் பதப்படுத்தியபின் காற்றழுத்த இயந்திரத்தில் உரித்து, மீதித் தோலைக் கையால் எடுக்கிறார்கள். லாபமா நட்டமா என்பது பெரும்பாலும் இங்கேதான் தெரியும், ஏனென்றால் முழுப் பருப்புக்கும் உடைந்ததற்கும் விலை வித்தியாசம் பெரிது. டபிள்யூ 320 என்றால் ஒரு பவுண்டுக்கு 300 முதல் 320 முழுப் பருப்பு. டபிள்யூ 180 அதைவிடப் பெரிது, விலையும் அதிகம். காற்றை உறிஞ்சி, கார்பன் டை ஆக்சைடோ நைட்ரஜனோ நிரப்பி, 50 பவுண்டுப் பெட்டிகளில் அடைத்து, 20 அடி கண்டெய்னருக்கு 700 பெட்டி ஏற்றுகிறார்கள்.

சரக்கு கடலில் இருக்கும்போது அதன் உரிமை கப்பல் ஆவணங்களில் இருக்கிறது. மூல ஆவணத்தை யார் நீட்டுகிறாரோ அவருக்குச் சரக்கு. 2022-இல் வியட்நாமிலிருந்து இத்தாலிக்கு விற்ற சுமார் 100 கண்டெய்னர் முந்திரியில், 36 கண்டெய்னர்களின் மூல ஆவணங்கள் வாங்குபவரின் வங்கிக்குப் போகும் வழியில் கைமாறின. பணம் வராமலே சரக்கு பறிபோகும் நிலையில், வழக்குப் போட்டு மாதக்கணக்கில் போராடி மீட்டார்கள். விலை விழுந்தாலும் சங்கிலி அறும். 2018-இல் தான்சானிய வியாபாரிகள் கேட்ட விலை குறைவு என்று அதிபர் மகுஃபுலி ராணுவத்தை இறக்கி, கிலோ 3,300 ஷில்லிங்குக்கு அரசே கொள்முதல் செய்தது. வாங்கியதை உடனே விற்க ஆளில்லாமல் கிடங்குகளில் தேங்கியது.

ஐவரி கோஸ்டின் விளைச்சல் 2022-இல் 10 லட்சம் டன்னைத் தாண்டியது. அந்நாடு கச்சாக் கொட்டை ஏற்றுமதிக்கு வரி போட்டு, உள்ளூரில் உடைப்பவர்களுக்குச் சலுகை தந்து, தொழிற்சாலைகளை வளர்க்கிறது. உடைப்பதும் காயவைப்பதும் அங்கே நடக்கத் தொடங்கியாயிற்று. உரிப்பதிலும் தரம் பிரிப்பதிலும்தான் உடைசல் அதிகம் என்பதால், பல ஆலைகள் பருப்பைத் தோலோடு வியட்நாமுக்கு அனுப்பி, மிச்ச வேலையை அங்கே முடிக்கவிடுகின்றன.