குரொஸ்பி ஒதுங்கியிருந்த பத்தரை மாதம்

2011 ஜனவரி 1ஆம் திகதி பிற்ஸ்பேர்க்கில் ஒரு திறந்தவெளி மைதானத்தில் ஐஸ் ஹொக்கி ஆட்டம் நடந்தது. ஆட்டத்தின் மூன்று பீரியட்களில் இரண்டாவது முடியப்போகிற நேரம், பக் என்கிற றப்பர் வட்டு போன திசைக்குத் திரும்பிய பிற்ஸ்பேர்க் வீரர் சிட்னி குரொஸ்பியின் தலையில் வோஷிங்டன் அணியின் டேவிட் ஸ்டெக்கலின் தோள் இடித்தது. குரொஸ்பி விழுந்தார், எழுந்தார், குனிந்தபடியே மெல்ல பெஞ்சுக்குப் போனார். மூன்றாவது பீரியடில் மறுபடியும் ஐஸில் இறங்கி விளையாடினார். நான்கு நாள் கழித்து தம்பா பே அணியுடன் ஆட்டம். விக்டர் ஹெட்மன் தள்ளியதில் பக்கச்சுவரில் போய் மோதினார். அந்த ஆட்டத்தையும் கடைசிவரை ஆடினார். அதற்குப் பிறகு, மூளையதிர்ச்சியால், நவம்பர் 21வரை அவர் ஒரு போட்டியிலும் விளையாடவில்லை.

நான் ரொறொன்ரோவின் கிழக்குப் பக்கத்தில் பிசியோதெரபிஸ்டாக வேலை செய்கிறேன். குளிர்காலம் வந்தால் தலையில் அடிபட்ட பிள்ளைகள் என்னிடம் நிறைய வருவார்கள். அவர்களில் எங்கள் தமிழ்ப் பிள்ளைகளும் இப்போது இருக்கிறார்கள். கிரிக்கெட்டும் உதைபந்தும் பார்த்து வளர்ந்த பெற்றோர், விடியற்காலையில் எழும்பி, பனியில் காரைத் துடைத்து, பிள்ளையை றிங்குக்குக் கூட்டிப் போகிறார்கள். அந்த உழைப்பு எனக்கு உண்மையிலேயே பெரிதாகப் படுகிறது. ஆனால் முழங்காலில் அடிபட்டால் என்ன செய்வதென்று தெரிந்த அளவுக்கு, தலையில் அடிபட்டால் என்ன செய்வதென்று நம்மில் பலருக்குத் தெரியாது. அதனால்தான் குரொஸ்பியின் கதையை எடுத்துக்கொண்டேன். எந்தப் பிள்ளையிடமும் அவர் பெயரைச் சொன்னால் காது கொடுக்கும்.

அந்த ஜனவரியில் அவருக்கு வயது 23. நோவா ஸ்கோஷியாவில் கோல் ஹார்பர் என்ற ஊரில் வளர்ந்தவர். 2005இல் வட அமெரிக்காவின் தொழில்முறை ஹொக்கி லீக்கான என்.எச்.எல். தெரிவில் முதல் ஆளாக பிற்ஸ்பேர்க் பெங்குயின்ஸ் அவரை எடுத்தது. முதல் பருவத்திலேயே, போட்ட கோலும் மற்றவர் கோலுக்குக் கொடுத்த அசிஸ்டும் சேர்த்து, 102 புள்ளிகள், அடுத்த பருவத்தில் 120. 19 வயதில் அணித்தலைவர், 21 வயதில் லீக்கின் சம்பியன் அணிக்குக் கிடைக்கும் ஸ்டான்லி கிண்ணம். 2010 வன்கூவர் ஒலிம்பிக் இறுதியாட்டத்தில் அமெரிக்காவுக்கு எதிராகக் கூடுதல் நேரத்தில் அவர் போட்ட கோலை கனடாவில் மறந்தவர் இல்லை. அடிபட்ட பருவத்தில் 41 ஆட்டங்களில் 66 புள்ளிகள் எடுத்து லீக்கிலேயே முன்னுக்கு நின்றார். பாதிப் பருவம் விளையாடாமலே, அந்த வருடம் தன் அணியில் அதிக புள்ளி எடுத்தவரும் அவர்தான்.

குரொஸ்பி போன்ற ஒரு முன்கள வீரரின் வேலையே ஆபத்தான இடத்துக்கு முதலில் போவதுதான். ஐஸில் ஒருமுறை இறங்கி ஆடும் ஷிஃப்ட் ஒன்று ஏறக்குறைய முக்கால் நிமிடம். அதற்குள் முழு வேகத்தில் ஓடவேண்டும், மூலையில் பக்குக்காக முட்டிமோதவேண்டும், வலைக்கு முன்னால் நிற்கவேண்டும், பாஸ் வரும் திசையைத் திரும்பிப் பார்க்கவேண்டும். அடி பெரும்பாலும் வருவது பார்க்காத பக்கத்திலிருந்து. அடி வருவது தெரிந்தால் கழுத்துத் தசைகள் இறுகித் தலையைத் தாங்கிப் பிடிக்கும். தெரியாவிட்டால் தலை சட்டென்று சுழலும், உள்ளே மூளையும் சேர்ந்து சுழலும். 2010 மார்ச்சில் பொஸ்ரன் அணியின் மார்க் சவார்டுக்குப் பக்கவாட்டிலிருந்து விழுந்த அடிக்குப் பிறகுதான், பார்வைக்கு வெளியே இருந்து தலையைக் குறிவைக்கும் அடிகளை லீக் தனி விதியாகத் தடைசெய்தது.

"நல்ல ஹெல்மெட்தானே வாங்கிக் குடுத்தனாங்கள்" என்று பெற்றோர் சொல்வார்கள். மண்டையோடு உடையாமல் காப்பதற்கு ஹெல்மெட் அவசியம், அதில் இரண்டாம் பேச்சில்லை. 1968 ஜனவரியில் மினசோட்டா அணியின் முன்கள வீரர் பில் மாஸ்டர்டன் தலைக்கவசம் இல்லாமல் ஐஸில் விழுந்து, இரண்டு நாளில் இறந்துபோனார். அதன் பிறகும் 1979இல்தான் புதிதாக வரும் வீரர்களுக்கு அது கட்டாயமானது. ஆனால் தயிர்ச் சட்டியைத் துணியால் எவ்வளவு சுற்றினாலும், சட்டியைப் பிடித்து உலுக்கினால் உள்ளே தயிர் குலையத்தான் செய்யும். மூளையதிர்ச்சி, பிள்ளைகள் சொல்கிற கொன்கஷன், இப்படி உள்ளே நடக்கிற விஷயம். எந்த ஹெல்மெட்டும் அதை முழுதாகத் தடுக்காது.

இன்னொன்றும் அடிக்கடி கேட்பேன். "சி.ரி. ஸ்கான் எடுத்துப் பார்த்தாச்சு, ஒண்டும் இல்லையெண்டு சொல்லிப்போட்டினம். பிறகேன் விளையாட விடக்கூடாது?" அந்த ஸ்கான் மூளையில் இரத்தக்கசிவு இருக்கிறதா, எலும்பு உடைந்திருக்கிறதா என்று பார்க்கத்தான். மூளையதிர்ச்சி அதில் தெரியாது. மயங்கி விழாவிட்டால் மூளையதிர்ச்சி இல்லை என்று நினைப்பதும் தவறு. பத்துப் பேருக்கு வந்தால் ஒன்பது பேருக்கு மேல் நினைவு தப்புவதே இல்லை.

அப்படியானால் அது எங்கே தெரியும்? என் அறையில் அது தெரிவது மிகச் சாதாரணமான சில சோதனைகளில். பிள்ளையைக் கதிரையில் இருத்தி, கையை நீட்டி, தன் பெருவிரல் நகத்தையே பார்த்துக்கொண்டு தலையை இடமும் வலமும் ஆட்டச் சொல்வேன். "நான் ஓகே" என்று சொல்லிக்கொண்டு வந்த பதின்மூன்று வயதுப் பிள்ளை, சில ஆட்டத்திலேயே மற்றக் கையால் கதிரையின் விளிம்பை இறுக்கிப் பிடிக்கும். முகம் வெளிறும். சிலருக்கு ஓங்காளம் வரும். பேனை முனையை மூக்கை நோக்கிக் கொண்டுவந்தால், இன்னும் ஒரு சாண் தூரம் இருக்கும்போதே இரண்டு பேனை தெரிகிறது என்பார்கள். பக்கத்தில் இருக்கிற அம்மாவோ அப்பாவோ அந்த இடத்தில் பேச்சை நிறுத்திவிடுவார்கள். ஸ்கானில் தெரியாதது அவர்கள் கண்முன்னால் தெரிகிறது.

குரொஸ்பியின் கதையில் என்னை அதிகம் உறுத்துவது பத்தரை மாதம் அல்ல, அதற்கு முந்திய நான்கு நாள். முதல் அடியில் கலங்கிய மூளைக்கு, தன்னைச் சரிசெய்துகொள்ள வழக்கத்தைவிட அதிக சக்தி தேவைப்படுகிறது. அந்த நேரத்தில் இரண்டாவது அடி விழுந்தால், அது சிறியதாக இருந்தாலும், குணமாகும் காலம் நீண்டுவிடும். பிள்ளைகளில், மிக அரிதாக, மூளை வீங்கி உயிரே போகலாம். 2013 மே மாதம் ஒட்டாவாவில் ரோவன் ஸ்ரிங்கர் என்ற பதினேழு வயது மாணவி ரக்பி ஆட்டத்தில் அடிபட்டு இறந்தார். அந்த ஒரு கிழமைக்குள் அவருக்கு முன்னரும் தலையில் அடிபட்டிருந்தது. தனக்கு மூளையதிர்ச்சியாக இருக்கலாம் என்று நண்பர்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்பியிருந்தார், இணையத்தில் தேடியும் பார்த்திருந்தார். பெரியவர்கள் யாருக்கும் தெரியவில்லை. அவர் பெயரில் 2018இல் ஒன்ராறியோவில் ரோவன் சட்டம் நிறைவேறியது. மூளையதிர்ச்சி என்று சந்தேகம் வந்தாலே போதும், பிள்ளையை உடனே ஆட்டத்திலிருந்து எடுக்கவேண்டும். வைத்தியரோ நேர்ஸ் பிராக்டிஷனரோ பார்த்து அனுமதி தரும்வரை முழு ஆட்டத்துக்குத் திரும்பக்கூடாது. அந்த அனுமதிக் கடிதத்தை என்னைப் போன்ற பிசியோதெரபிஸ்ட் தர முடியாது. அதைக் கேட்டு என்னிடம் வருகிறவர்கள் உண்டு, அதனால் சொல்கிறேன்.

இந்தச் சட்டத்துக்காகக் குரல் கொடுத்தவர்களில் எரிக் லின்ட்ரொஸும் ஒருவர். அவருக்கு அந்தத் தகுதி உண்டு. தொண்ணூறுகளில் ஆறடி நான்கங்குல உயரமும் பந்தயக்குதிரை வேகமுமாக எதிரணிகளை நடுங்கவைத்த முன்கள வீரர். 1995இல் லீக்கின் மிகப் பெறுமதியான வீரருக்கான ஹார்ட் விருது வென்றவர். பிறகு மூளையதிர்ச்சி ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. 2000ஆம் ஆண்டு மே மாதம், பல கிழமை ஒதுங்கியிருந்து திரும்பிய இரண்டாவது ஆட்டத்திலேயே, தலையைக் குனிந்தபடி பக்கைக் கொண்டுவந்தபோது ஸ்கொட் ஸ்டீவன்ஸின் தோள் அவர் தாடையில் விழுந்தது. அடுத்த பருவம் முழுவதும் அவர் விளையாடவில்லை. 2007இல் ஓய்வு பெறும்வரை பழைய லின்ட்ரொஸை யாரும் பார்க்கவில்லை. அவர் தம்பி பிரெட்டும் முன்கள வீரர்தான். மூளையதிர்ச்சிகளால் 1996இல், இருபது வயதில், 51 என்.எச்.எல். ஆட்டங்களோடு அவர் விளையாட்டு வாழ்க்கை முடிந்தது. இருவருக்கும் திறமையில் குறைவிருக்கவில்லை. அந்தக் காலத்தில் அடிபட்டவனை இருத்திவைக்கும் பழக்கம்தான் இருக்கவில்லை.

குணமாகும் வழி பற்றியும் பழைய எண்ணம் ஒன்று நம் வீடுகளில் ஊறியிருக்கிறது. இருட்டறையில் நாட்கணக்காகப் படுக்க வைப்பது. இப்போது அப்படிச் செய்வதில்லை. முதல் 24 முதல் 48 மணிநேரம் இலேசான ஓய்வு, ஃபோன், ரிவி திரை பார்ப்பதை நன்றாகக் குறைப்பது, நல்ல நித்திரை. அதற்குப் பிறகு நடை, பின் மெதுவான சைக்கிள். ரொறொன்ரோவிலிருந்து எல்லை தாண்டினால் இருக்கிற பஃபலோ பல்கலைக்கழகத்தில் உருவான ட்ரெட்மில் சோதனை ஒன்று இருக்கிறது. ஓடுபாதையின் சரிவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, எந்த இதயத் துடிப்பில் தலையிடி கூடுகிறது என்று பார்ப்போம். அதற்குக் கீழே நின்று தினமும் உடற்பயிற்சி செய்தால், வெறுமனே படுத்திருப்பவரைவிடச் சீக்கிரம் தேறுகிறார்கள். பிறகு தனியே ஸ்கேற்றிங், மோதலில்லாத பயிற்சி, வைத்தியரின் அனுமதியோடு மோதலுள்ள பயிற்சி, கடைசியில் ஆட்டம். ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள். வளர்ந்தவர்கள் பெரும்பாலும் இரண்டு கிழமையிலும் பிள்ளைகள் நான்கு கிழமைக்குள்ளும் தேறிவிடுவார்கள். பாடசாலைக்கு முழுதாகத் திரும்பாத பிள்ளை விளையாட்டுக்கு முழுதாகத் திரும்பக்கூடாது. கணக்குப் பாடம் தலையிடியைக் கொண்டுவருகிறதென்றால், உடலால் மோதித் தடுக்கிற பொடி செக்கிங் பற்றி என்ன பேச்சு?

நேர்கோட்டில் குணமாகும் என்றும் எதிர்பார்க்கக்கூடாது. குரொஸ்பி திரும்பிவந்த முதல் ஆட்டத்தில், ஐலண்டர்ஸ் அணிக்கு எதிராக, இரண்டு கோலும் இரண்டு அசிஸ்டும் எடுத்தார். எல்லோரும் கொண்டாடினார்கள். எட்டு ஆட்டம்தான். டிசம்பரில் அறிகுறிகள் திரும்பின, அவர் மறுபடியும் ஒதுங்கினார். 2012 ஜனவரியில் கழுத்தின் மேற்பகுதியில் மென்திசுக் காயமும் இருப்பது தெரியவந்தது. எங்கள் தொழிலில் இது முக்கியமான பாடம். கழுத்துக் காயமே தலையிடியையும் தலைசுற்றையும் தரும். மாதக்கணக்காக மூளையதிர்ச்சி என்று சொல்லிக்கொண்டு வருபவர்களில், கழுத்தை ஒருவரும் தொட்டுப் பார்த்திராதவர்கள் உண்டு. உங்கள் பிள்ளைக்கு ஒரு மாதம் தாண்டியும் தலையிடி நிற்கவில்லையென்றால், கழுத்தையும் கண்ணசைவையும் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

2012 மார்ச் 15இல் குரொஸ்பி மறுபடியும் வந்தார். அந்தக் கோடையிலேயே பெங்குயின்ஸ் அவரோடு 12 வருடத்துக்கு 104.4 மில்லியன் டொலர் ஒப்பந்தம் செய்தது. 2014இல் இரண்டாவது ஹார்ட் விருது. 2016, 2017 இரண்டு வருடமும் ஸ்டான்லி கிண்ணம், இரண்டு முறையும், கிண்ணத்துக்காகப் பருவ முடிவில் நடக்கும் பிளேஓஃபின் சிறந்த வீரர் அவரே. 2024 நவம்பரில், 37 வயதில், 600ஆவது கோல். "ரண்டு டோர்ணமென்ற் விட்டால் பிள்ளையின்ர இடம் போயிடும்" என்று கவலைப்படுகிற அப்பாமாருக்கு நான் இந்தக் கணக்கைத்தான் சொல்வேன். அவர் இரண்டு பருவங்களின் பெரும்பகுதியை விட்டுக்கொடுத்தவர்.

அவர் செய்ததெல்லாம் பின்பற்றத்தக்கது என்று நான் சொல்லவரவில்லை. 2017 மே மாதம் வோஷிங்டனோடு பிளேஓஃபில் மறுபடியும் மூளையதிர்ச்சி வந்து, ஒரே ஒரு ஆட்டம் விட்டு, ஐந்தாம் நாள் திரும்பினார். நாள்தோறும் நிபுணர்கள் சூழ்ந்திருக்கும் ஒரு வளர்ந்த மனிதர், தன் தொழிலுக்காக எடுத்த முடிவு அது. எனக்கு அது உவப்பாக இல்லை. உங்கள் மகனுக்கோ மகளுக்கோ அது முன்மாதிரி ஆகவே கூடாது. பஃபலோ சேபர்ஸின் முன்கள வீரராக இருந்த ரிக் மார்ட்டின் 2011இல், 59 வயதில், மாரடைப்பால் இறந்தார். அவர் ஐஸில் கைகலப்புக்கென்று இறங்கும் சண்டைக்காரர் அல்ல, கோல் போடுபவர். அவர் மூளையைப் பரிசோதித்தபோது, திரும்பத் திரும்ப அடிபடுவதோடு தொடர்புள்ள சி.ரி.ஈ. என்ற மூளைச்சிதைவு நோய் இருந்தது.

ஹொக்கியை விடச் சொல்கிறீர்களா என்று கேட்பார்கள். இல்லை. எந்த மட்டத்தில் ஆடுகிறார் என்பதை மட்டும் யோசியுங்கள். பொடி செக்கிங் அனுமதித்த அல்பேர்ட்டாவிலும் அனுமதிக்காத கியூபெக்கிலும் 11, 12 வயதுப் பிள்ளைகளை ஒப்பிட்டு 2010இல் வெளிவந்த ஆய்வில், அல்பேர்ட்டாப் பிள்ளைகளுக்கு மூளையதிர்ச்சி வரும் அபாயம் மூன்று மடங்குக்கும் அதிகமாக இருந்தது. 2013இல் ஹொக்கி கனடா அந்த வயதுக்கு அதை நாடு முழுவதும் நிறுத்தியது. அதற்கு மேற்பட்ட வயதிலும், பொழுதுபோக்காக ஆடும் உள்ளூர் ஹவுஸ் லீக் அணிகளில் பொதுவாக பொடி செக்கிங் இல்லை. பிள்ளை விளையாட்டை நேசிக்கிறது, ஆனால் தொழிலாகப் போகும் எண்ணமில்லை என்றால், அங்கேயே சந்தோசமாக ஆடலாம்.

தலையில் அடிபட்ட பிள்ளை திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால், தலையிடி ஏறிக்கொண்டே போனால், வலிப்பு வந்தால், கை கால் பலம் குறைந்தால், கழுத்து கடுமையாக நொந்தால், ஒன்று இரண்டாகத் தெரிந்தால், எழுப்பக் கஷ்டமாக இருந்தால் காத்திருக்காமல் 911 அழையுங்கள்.

மற்ற நாட்களில் "சுகமா இருக்கிறியா" என்று மட்டும் கேட்காதீர்கள். ஓம் என்றுதான் பதில் வரும், ஏனென்றால் அடுத்த ஆட்டம் போய்விடுமே என்ற பயம். பஸ்ஸில் சத்தம் தாங்க முடியாமல் இருந்ததா, வகுப்பில் லைற் கண்ணைக் குத்தியதா, ஒரே வரியைத் திரும்ப வாசிக்க வேண்டி வந்ததா, ஸ்கேற் கயிறு கட்டக் குனிந்தபோது தலை பாரமாக இருந்ததா என்று கேளுங்கள். ஒன்றுக்கு ஓம் என்றாலும் அடுத்த பயிற்சியை நிறுத்தி, கோச்சுக்கு அன்றே எழுத்தில் தெரிவித்து, வைத்தியரிடம் கூட்டிப் போங்கள்.