கட்டளை ஓடவில்லையா? உடனே ஃபார்மட் செய்யாதீர்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கணினி பழுதுபார்ப்பது என் தொழில். சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்தும் தமிழ்ப்பள்ளிகளிலிருந்தும்தான் அதிகம் பேர் வருவார்கள்.

போன வாரம் ஒரு தோட்ட அலுவலகக் கிராணி வந்தார். சொத்துப் பதிவுக்காக மடிக்கணினியின் தொடர் எண் கேட்டிருக்கிறார்கள். கணினி வகுப்பில் எப்போதோ கொடுத்த கட்டளைத் தாளைப் பார்த்து, கட்டளை தட்டும் கறுப்புத் திரையில் 'டபிள்யூஎம்ஐசி பயோஸ் கெட் சீரியல்நம்பர்' என்று தட்டியிருக்கிறார். அப்படி ஒரு கட்டளையே தெரியாது என்று விண்டோஸ் சொல்லிவிட்டது. வைரஸாக இருக்கும் என்று யாரோ சொல்ல, ஒரு கடையில் கொடுத்து ஃபார்மட் செய்துவிட்டார். மூன்று மாதச் சம்பளக் கணக்கு அதோடு போயிற்று. ஃபார்மட் செய்த பிறகும் கணினி அதே பதிலைத்தான் சொன்னது. இதே கதையோடு எத்தனை பேர்தான் வருவார்கள்?

“பழைய கணினியில ஓடுச்சே அண்ணே” என்பார்கள். ஓடும், ஏனென்றால் அதில் டபிள்யூஎம்ஐசி என்ற அந்தக் கருவி இருக்கிறது. அதைக் கைவிடப்போவதாக மைக்ரோசாப்ட் 2021இலேயே சொல்லிவிட்டது. விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பில் அது இயல்பாக வருவதும் நின்றுவிட்டது. தாளை மட்டும் யாரும் திருத்தவில்லை. உங்கள் கணினிக்கு ஒன்றும் ஆகவில்லை, வைரஸும் இல்லை. விண்டோஸிலேயே உள்ள பவர்ஷெல் என்ற கட்டளைத் திரையைத் திறந்து 'கெட்-சிம்இன்ஸ்டன்ஸ் வின்32_பயோஸ்' என்று ஆங்கில எழுத்தில் தட்டுங்கள், அதே எண் வரும். கணினியின் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரிலும் பெரும்பாலும் இருக்கும்.

தெரியாது என்று நேராகச் சொல்லும் கட்டளையாவது பரவாயில்லை. வேறு பக்கம் கைகாட்டும் கட்டளைதான் ஆபத்து. ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மென்பொருள் கொண்டு கடவுச்சொல் போட்டுப் பூட்டும் கோப்புகள் அப்படித்தான். 2016இல் வந்த 1.1.0 பதிப்பில், கடவுச்சொல்லிலிருந்து சாவி உண்டாக்கும் இயல்பு முறையை எம்டி5 என்ற கணக்கீட்டிலிருந்து எஸ்எச்ஏ-256 என்ற கணக்கீட்டுக்கு மாற்றினார்கள். அதற்கு முந்திய பதிப்பில் பூட்டியதைப் பழைய தாளில் உள்ளபடியே புதியதில் திறந்தால் 'பேட் டிக்ரிப்ட்', அதாவது பூட்டைத் திறக்க முடியவில்லை, என்று வரும். கோயில் பொருளாளர் ஒருவர் கடவுச்சொல்லை மறந்துவிட்டோம் என்று நினைத்து, கோப்பையே அழிக்கப் போய்விட்டார். கடவுச்சொல் சரிதான். கட்டளையில் '-எம்டி எம்டி5' என்று சேர்த்ததும் வருடக்கணக்கான வரவு செலவு திறந்தது. தாள் எழுதிய காலத்தில் அந்த ஆப்ஷனுக்கு வேலையே இல்லை, அதனால் அதில் இல்லை.

தயவுசெய்து, தாளை நம்பும் முன் உங்கள் கணினியையே கேளுங்கள். விண்டோஸ் என்றால் கட்டளைக்குப் பின்னால் '/?', லினக்ஸ் என்றால் '--ஹெல்ப்'. பெரும்பாலான கட்டளைகள் தங்கள் பதிப்பில் உள்ள ஆப்ஷன்களைக் காட்டிவிடும். தாளில் உள்ளது அங்கே இல்லையென்றால் அதோடு நிறுத்துங்கள். பிழைச் செய்தியை அப்படியே படம் எடுத்து வையுங்கள். “என்னமோ வந்துச்சு” என்றால் யாராலும் உதவ முடியாது. ஃபார்மட் என்று எந்தக் கடைக்காரர் சொன்னாலும், கோப்புகளை வெளி டிஸ்க்கில் நகல் எடுத்தாயிற்றா என்று முதலில் கேளுங்கள். பழைய கணினியை விற்றுவிடவும் அவசரப்படாதீர்கள்.

அப்புறம், பள்ளிகளிலும் இளைஞர் மன்றங்களிலும் கணினி வகுப்பு எடுக்கும் ஆசிரியர்களே, நீங்கள் நல்ல மனத்தோடு கொடுத்த தாள்தான் இன்னும் நகலெடுத்துச் சுற்றிக்கொண்டிருக்கிறது. எந்தப் பதிப்புக்கு, எந்தத் தேதியில் எழுதியது என்று அதன் தலைப்பில் ஒரு வரி போடுங்கள். வருடத்துக்கு ஒரு தடவையாவது புதிய கணினியில் ஒவ்வொரு கட்டளையையும் தட்டிப் பாருங்கள். ஓடாததை அடித்துவிட்டு, அதன் பக்கத்திலேயே புதியதை எழுதிக் கொடுங்கள்.