கூர்ப்பு: பரிணாமத்துக்கு இன்னொரு சொல்

பரிணாமத்தைக் குறிக்கும் எவல்யூஷன் என்ற ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீன். சுருட்டி வைத்த ஏட்டை விரிப்பதைக் குறித்தது. ஏட்டை விரித்தால் ஏற்கெனவே எழுதியிருப்பதுதான் தெரியும். உயிரினங்கள் மாறுவதற்கு அப்படி முன்பே எழுதிய ஏடு எதுவும் இல்லை. டார்வின்கூட 1859-இல் வெளியிட்ட தன் நூலின் முதல் பதிப்பில் இந்தப் பெயர்ச்சொல்லை எடுக்கவில்லை. அதன் வினைவடிவம் மட்டும் நூலின் கடைசிச் சொல்லாக வருகிறது.

தமிழில் நிலைத்துவிட்ட 'பரிணாமம்' வடசொல். பால் தயிராவது போல ஒன்று வேறொன்றாகத் திரிவது அதன் பொருள். எனக்கு இடறுவது இந்தப் பால்தான். அது முழுசாகத் தயிராகிவிடும். குருவி அப்படி மாறாது.

பசிபிக் கடலின் கலாபகஸ் தீவுக்கூட்டத்தில் டாஃப்னி மேஜர் என்றொரு சின்னத் தீவு. 1977-இல் அங்கே கடும் வறட்சி. தரைக்குருவிகள் கொத்தித் தின்னும் சிறு விதைகள் தீர்ந்துபோயின. மிஞ்சியவற்றில் முக்கியமானது நெருஞ்சி வகைக் காய். முள்ளும் கெட்டி ஓடுமாக இருக்கும். தடித்த அலகால்தான் அதை உடைக்க முடியும். மெல்லிய அலகுள்ளவை பெரும்பாலும் செத்தன. பிழைத்தவற்றின் குஞ்சுகளை உயிரியலாளர்களான பீட்டர் கிரான்ட், ரோஸ்மேரி கிரான்ட் தம்பதி அளந்தபோது, முந்தைய தலைமுறையைவிடச் சராசரி அலகு தடித்திருந்தது. வறட்சியில் எந்தக் குருவிக்கும் அலகு வளரவில்லை. மாறியது கூட்டத்தின் கணக்கு.

குணமும் இப்படி மாறும். சோவியத் அறிவியலாளர் பெல்யாயேவ் 1959-இல் தொடங்கிய சோதனையில், மனிதரைக் கண்டு சீறாத நரிகளையே தலைமுறைதோறும் இணைசேர்த்தார்கள். வாலாட்டிக்கொண்டு ஓடிவரும் நரிகள் பிறந்தன.

சரி, வேறு சொல்? இலங்கைப் பாடநூல்களில் 'கூர்ப்பு' என்கிறார்கள். கூர் என்றால் கூர்மை மட்டுமல்ல, மிகுதியும்தான்; 'அன்பு கூர்ந்து' என்கிறோமே, அந்தக் கூர். "கூர்ப்பும் கழிவும் உள்ளது சிறக்கும்" என்பது தொல்காப்பியம். இருப்பது மிகுவதே கூர்ப்பு. தடித்த அலகு அந்தக் கூட்டத்தில் முன்பே இருந்தது. வறட்சிக்குப் பின் மிகுந்தது. (புதிய பண்பு மரபணுப் பிறழ்வால் வரும், அது தனிக்கதை.)

'படிவளர்ச்சி'யும் புழக்கத்தில் உண்டு. அதைக் கேட்டால் மாடிப்படி ஏறுவது போல, ஒவ்வொன்றும் மேலே போவதாகத் தோன்றிவிடும். 'சிறக்கும்' என்பதிலும் அந்த ஆபத்து இல்லாமலில்லை. இருட்டுக் குகையில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து கண்ணை இழந்த மீன்கள் இருக்கின்றன. அதுவும் கூர்ப்புதான்.