ஆறாவது கட்டுரைக்கு ஒரு மேற்கோள்

புதுச்சேரியின் காலாப்பட்டிலோ கோரிமேட்டிலோ மூலக்கூறு உயிரியல் ஆய்வாளர் ஒருவர் பணிக்கு விண்ணப்பிக்கும்போது, பெரும்பாலும் மூன்று எண்களை எழுத வேண்டியிருக்கும்: வெளியிட்ட கட்டுரைகள் எத்தனை, அவற்றுக்குக் கிடைத்த மேற்கோள்கள் எத்தனை, எச்-இன்டெக்ஸ் எவ்வளவு. ஆண்டுக்கணக்கான உழைப்பை அந்த மூன்று எண்களே பிறருக்கு எடுத்துச் சொல்வதால், அவை எப்படிக் கணக்கிடப்படுகின்றன என்பதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

ஒரு கட்டுரையின் இறுதியில் உள்ள துணைநூற்பட்டியலில் முந்தைய கட்டுரை ஒன்று இடம்பெற்றால், அந்த முந்தைய கட்டுரைக்கு ஒரு மேற்கோள் சேர்கிறது. 1955-இல் யூஜின் கார்ஃபீல்டு முன்மொழிந்து, 1964-இல் அறிவியல் மேற்கோள் அட்டவணையாக வெளிக்கொணர்ந்த இந்தக் கணக்கை இன்று வெப் ஆஃப் சயின்ஸ், ஸ்கோபஸ், கூகுள் ஸ்காலர் ஆகிய இணையத் தரவுத்தளங்கள் செய்கின்றன. முதலிரண்டும் தாம் தேர்ந்தெடுத்த வெளியீடுகளை மட்டும் எண்ண, கூகுள் ஸ்காலர் முனைவர் பட்ட ஆய்வேடுகளையும் சேர்த்துக்கொள்வதால், ஒரே ஆளுக்கு அதில் பெரும்பாலும் கூடுதல் எண் வரும்.

எச்-இன்டெக்ஸை 2005-இல் வகுத்தவர் ஜார்ஜ் ஹிர்ஷ் என்னும் இயற்பியலாளர். ஒருவருடைய எத்தனை கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது அதே எண்ணிக்கையிலான மேற்கோள்களைப் பெற்றுள்ளனவோ, அப்படி அமையும் மிகப்பெரிய எண்ணே அவருடைய எச்-இன்டெக்ஸ். ஒருவருடைய எட்டுக் கட்டுரைகள் முறையே 120, 41, 19, 9, 6, 5, 2, 0 மேற்கோள்கள் பெற்றிருப்பதாகக் கொள்வோம். ஐந்தாவது கட்டுரை வரை ஒவ்வொன்றும் குறைந்தது 5 மேற்கோள்கள் பெற்றுள்ளது. ஆறாவதோ 6-ஐ எட்டவில்லை. ஆகவே அவருடைய எச்-இன்டெக்ஸ் 5. இப்போது முதல் கட்டுரைக்கு இன்னும் ஆயிரம் மேற்கோள்கள் வந்தாலும் அது 5 ஆகவே நிற்கும். ஆறாவது கட்டுரைக்கு ஒரே ஒரு மேற்கோள் வந்தால் 6 ஆகிவிடும். அந்த ஒரு மேற்கோளை ஆய்வாளரே தம் அடுத்த கட்டுரையில் கொடுத்துக்கொள்ளவும் முடியும் என்பதால், தன்மேற்கோள்களை நீக்கிவிட்டுக் கணக்கைப் பார்ப்பதே முறை என்பது என் உறுதியான கருத்து.

மேற்கோள் எதற்காகத் தரப்பட்டது என்பது இதைவிடப் பெரிய கேள்வி. புரத ஆய்வு நடக்கும் எந்தக் கூடத்திலும் மாணவர்கள் புரதக் கரைசலைச் சோப்புப் போன்ற எஸ்டிஎஸ் என்னும் வேதிப்பொருளுடன் கொதிக்கவைத்து, இரு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே உறைந்திருக்கும் ஜெல்லின் குழிகளில் நுண்குழாயால் இறக்கி, மின்சாரம் பாய்ச்சி, நீலச் சாயக்கோடு அடிவரை இறங்குவதற்காகக் காத்திருப்பதைக் காணலாம். சிறிய புரதங்கள் விரைந்து கீழே இறங்க, பெரியவை மேலே தங்கிவிடும். இந்த முறைக்காக உலகமே மேற்கோள் காட்டும் லெம்லியின் 1970-ஆம் ஆண்டுக் கட்டுரை, உண்மையில் டி4 என்னும் வைரஸின் தலைப்பகுதி எவ்வாறு உருவாகிறது என்பதைப் பற்றியது. 2014-இல் நேச்சர் இதழ் மிகுதியாக மேற்கோள் காட்டப்பட்ட நூறு கட்டுரைகளைப் பட்டியலிட்டபோது, இது 2 லட்சத்துக்கும் மேற்பட்ட மேற்கோள்களுடன் இரண்டாம் இடத்தில் இருந்தது. புரதத்தின் அளவை அறியும் முறையைத் தந்த லௌரி குழுவினரின் 1951-ஆம் ஆண்டுக் கட்டுரை 3 லட்சத்தைத் தாண்டி முதலிடம் பெற்றது. டிஎன்ஏயின் இரட்டைச் சுருளை அறிவித்த வாட்சன், கிரிக் ஆகியோரின் 1953-ஆம் ஆண்டுக் கட்டுரைக்கு அந்த நூறில் இடமில்லை. செய்முறைக் கட்டுரையை அதைக் கையாளும் ஒவ்வொருவரும் குறிப்பிட்டாக வேண்டும். கண்டுபிடிப்போ பாடநூலுக்குள் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

பெயர்களின் வரிசையையும் கவனிக்க வேண்டும். இன்றைய கடலூர் மாவட்டத்துச் சிதம்பரத்தில் பிறந்து, 2009-இல் நோபல் பரிசு பெற்ற வெங்கி ராமகிருஷ்ணன், செல்லில் புரதங்களை உருவாக்கும் ரைபோசோமின் சிறிய பகுதியின் அமைப்பை விளக்கி 2000-இல் நேச்சரில் வெளியிட்ட கட்டுரையில் அவருடைய பெயர் கடைசியாகவே வருகிறது. உயிரியலில் முதல் பெயர் சோதனையைப் பெரும்பாலும் கையால் செய்தவருக்கும், கடைசிப் பெயர் ஆய்வுக்குழுவை வழிநடத்தியவருக்கும் உரியவை. எச்-இன்டெக்ஸோ முதலில் நின்றவர், நடுவில் நின்றவர், கடைசியில் நின்றவர் அனைவருக்கும் ஒரே மதிப்பைத் தருகிறது.

துறையின் அளவும் எண்ணை மாற்றும். புற்றுநோய் மூலக்கூறுகளை ஆராய்வோர் உலகெங்கும் பெருந்திரளாக இருப்பதால் அங்கே ஒரு கட்டுரையை மேற்கோள் காட்டக் கைகள் பல உண்டு. புதுச்சேரியிலுள்ள நோய்க்கடத்தி ஆராய்ச்சி மையம் 1975 முதல் ஈடுபட்டுவரும் யானைக்கால் நோய், கொசுக் கட்டுப்பாடு போன்ற துறைகளில் எழுதுவோரின் தொகை சிறியது. இவ்விரு துறையினரின் எண்களை ஒரே தராசில் வைப்பது அநீதி.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோர் 1963-இல் வெளியிட்ட கட்டுரை, புரதச் சங்கிலியின் திருகுகோணங்களுள் எவை இயலும், எவை இயலா என்பதை ஒரு வரைபடத்தில் காட்டியது. புதிய புரத அமைப்பைத் தீர்மானிப்பவர்கள் இன்றும் அந்த வரைபடத்தில் தங்கள் புள்ளிகளை இட்டுப் பிழை பார்க்கிறார்கள். கட்டுரையில் ‘ராமச்சந்திரன் வரைபடம்’ என்று எழுதுவார்கள். 1963-ஆம் ஆண்டுக் கட்டுரையைப் பட்டியலில் சேர்க்காமல் விட்டுவிடுவோர் பலர். அப்படி விடப்பட்ட ஒவ்வொரு முறையும் அந்த மூவரின் கணக்கில் எதுவும் கூடுவதில்லை.