பம்புக்கு ‘டைரக்ட்’ கொடுக்கும் முன்

பின் பிரேக் ஷூ மாற்ற வேண்டும் என்று சொல்லி, இருபது ஆண்டைக் கடந்த பெட்ரோல் கார் ஒன்றைச் சென்ற கோடையில் எங்கள் பட்டறையில் விட்டுச் சென்றார் ஒரு வாடிக்கையாளர். வண்டியை நகர்த்துவதற்காகச் சாவியைத் திருகியதும் பின் சீட்டுக்கு அடியிலிருந்து எரிபொருள் பம்பின் முனகல் கேட்டது. அது கேட்க வேண்டியதுதான்; ஆனால் எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் அரை நிமிடம் காத்திருந்தும் நிற்கவில்லை. டாஷ்போர்டுக்கு அடியில் குனிந்து பார்த்தால், பம்ப் ரிலே (மின்காந்தச் சுருளால் தொடுமுனைகளை இழுத்துப் பம்புக்கு மின்சாரம் விடும் சுவிட்ச்) இருக்க வேண்டிய சாக்கெட் காலியாக இருந்தது. அதன் இரண்டு துளைகளில் ஒரு துண்டு வயரைச் செருகி டேப் சுற்றியிருந்தார்கள். வெயில் நேரத்தில் வண்டி அடிக்கடி நின்றுவிட்டதாகவும், பம்பையே மாற்றியும் தீராததால் ரிலேயைத் தவிர்த்து வயரால் நேராக இணைத்து, அதாவது ‘டைரக்ட்’ கொடுத்து அனுப்பினார்கள் என்றும், எட்டு மாதமாக ஒரு குறையும் இல்லை என்றும் அவர் தொலைபேசியில் சொன்னார்.

கார்பரேட்டர் காலத்துப் பம்ப் பெரும்பாலும் எஞ்சினின் சுழற்சியால் ஓடியதால், எஞ்சின் நின்றால் அதுவும் நின்றது. இன்ஜெக்ஷன் வண்டிகளில் டேங்குக்குள் இருக்கும் மின்சாரப் பம்புக்கு அந்தக் கட்டுப்பாட்டை ரிலே வழியாக எஞ்சினை நிர்வகிக்கும் கணினியான இசியு கொடுக்கிறது. சாவி போட்டதும் சுமார் 2 விநாடி பம்பை ஓடவிட்டுக் குழாயில் அழுத்தம் ஏற்றும். அதன் பின்னர் எஞ்சின் சுழல்கிறது என்று சென்சார் தெரிவித்தால்தான் மறுபடி ஓடவிடும். விபத்தில் எஞ்சின் அணைந்தவுடன் பம்பும் அடங்கிவிடுவது இந்த ஏற்பாட்டினால்தான். டைரக்ட் கொடுத்த வண்டி மோதி எரிபொருள் குழாய் அறுந்தால், ஓட்டுநர் சாவியை அணைக்கும் நிலையில் இல்லாவிட்டால், நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்கும் மேலான பெட்ரோல் சூடான எஞ்சின் மீது கொட்டிக்கொண்டே இருக்கும். வயரைப் பேட்டரியிலிருந்து நேராக இழுத்திருந்தால் சாவியை அணைத்தாலும் நிற்காது. நடுவில் ஃப்யூஸும் இல்லாவிட்டால் அந்த வயரே தீப்பிடிக்கலாம்.

வெயிலில் நின்று, ஒரு மணி நேரம் கழித்துத் தானாகவே ஸ்டார்ட் ஆகும் பழைய வண்டியென்றால் எனக்கு முதல் சந்தேகம் ரிலே மீதுதான். உள்ளே சுருளின் கால்களைச் சர்க்யூட் பலகையில் பற்றவைத்த ஈயம், பல்லாண்டுச் சூட்டிலும் குளிரிலும் விரிந்து சுருங்கி, பிசிறளவு வளையமாக வெடித்திருக்கும். குளிர்ந்த நிலையில் தொட்டுக்கொண்டிருக்கும் அந்த வெடிப்பு, மூடிய காரின் சூட்டில் விலகிவிடும். போதாக்குறைக்கு, செம்புச் சுருளின் மின்தடையும் 30 டிகிரி கூடினால் ஏறத்தாழ 12 சதவீதம் உயர்ந்து, இழுக்கும் விசை குறைகிறது. இதைப் பம்பின் கோளாறு என்று நினைத்து டேங்கைத் திறப்பதுதான் நம் தொழிலில் நடக்கும் வீண் செலவு. பம்பின் விலைக்குப் பல ரிலே வாங்கலாம்.

செல்ஃப் நன்றாகச் சுற்றியும் வண்டி ஸ்டார்ட் ஆகாதபோது, சாவியைப் போட்டு அந்த 2 விநாடி முனகல் வருகிறதா என்று கேளுங்கள். வராவிட்டால் முதலில் ஃப்யூஸைப் பாருங்கள். சில வண்டிகளில் மோதல் நேர்ந்தால் பம்பை நிறுத்தும் சுவிட்ச் ஒன்று உண்டு. அது பெரிய பள்ளத்தில் இறங்கினாலே சில நேரம் விடுபட்டுவிடும். அவை சரியென்றால், பாக எண் ஒன்றாக இருக்கும் ஹாரன் ரிலேயை எடுத்து மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். வெளித்தோற்றம் ஒன்றாக இருக்கிறது என்பதற்காக மாற்றிவிடக் கூடாது, ஏனென்றால் நான்கு கால் ரிலேக்களிலேயே 30, 86 என்று எண்ணிட்ட கால்கள் இடம் மாறிய வகை உண்டு. உள்ளே டையோடு (மின்சாரத்தை ஒரே திசையில் விடும் பாகம்) உள்ள ரிலேயில் 85, 86-இன் பாசிட்டிவ், நெகட்டிவ் மாறினால் இசியுவின் உட்பகுதியே பழுதாகலாம்.

‘டிக்’ என்ற சத்தம் வந்தால் ரிலே நல்லது என்பது பலரின் நம்பிக்கை. அந்தச் சத்தம் 85, 86-க்கு இடையிலுள்ள சுருள் வேலை செய்கிறது என்பதை மட்டுமே சொல்லும். பம்புக்கு மின்சாரம் போகும் 30, 87-க்கு இடையிலான தொடுமுனைகள் கருகியிருந்தாலும் சத்தம் வரும். பம்ப் ஓடும்போது அந்த இரண்டு கால்களுக்கும் நடுவே மல்டிமீட்டரை வைத்தால் 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது என்பது நான் பின்பற்றும் அளவு. பரிசோதனைக்காக 30-ஐயும் 87-ஐயும் இணைத்துப் பார்ப்பதில் தவறில்லை; 15 ஆம்பியர் ஃப்யூஸ் கோத்த வயரால் சில நிமிடம் மட்டும் செய்து, உடனே கழற்றிவிட வேண்டும்.

பழைய ரிலேக்கு மறுபடி ஈயம் வைப்பவர்களை நான் குறை சொல்வதில்லை, நானும் செய்திருக்கிறேன். ஆனால் கருகிய தொடுமுனையை ஈயம் காப்பாற்றாது. புதியதைப் போடும் முன் சாக்கெட்டையும் பார்க்க வேண்டும். பச்சை பூத்த, தளர்ந்த அல்லது பிளாஸ்டிக் பழுத்த முனையில் எந்த ரிலேயைப் போட்டாலும் சூடேறி அதே கதிதான். புது ரிலே சில மாதங்களில் கருகினால், பம்ப் வழக்கத்தைவிட அதிக மின்னோட்டத்தை இழுக்கிறதா என்று ஆம்பியர் மீட்டரில் பார்த்துவிடுவது நல்லது.

அந்தக் காரில், வயர் துண்டைச் செருகியதால் 87-க்கான சாக்கெட் முனை அகன்று, பாதி உருகியிருந்தது. பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, முனையை வயரோடு மாற்றி, அதே பாக எண் கொண்ட ரிலேயைப் பொருத்தினோம். ரிலேயை விட முனையை மாற்றத்தான் அதிக நேரம் பிடித்தது. சாவியைத் திருகியதும் பம்ப் 2 விநாடி முனகிவிட்டு அடங்கியது. பிரேக் வேலையை அதன் பிறகுதான் தொடங்கினோம்.